நடப்போம் சங்கம்

“இந்த மாசமும் இப்படியே போனா கடைக்குப் பூட்டுதான்” என்றாள் டோர்தெ, மூன்று கோப்பைகளிலும் காப்பியை ஊற்றிக்கொண்டே.

சதுக்கத்தைப் பார்த்தபடி இருந்த அவளது கம்பளி நூல் கடையில் ‘நடப்போம் சங்கம்’ கூடியிருந்தது. டென்மார்க்கில் மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்தால் சங்கம் பிறந்துவிடும். இது டோர்தெயின் கடையைக் காப்பாற்றவே பிறந்த சங்கம். காலையில் கூடினால் சாயங்காலம்தான் கலையும். அவ்வளவு அக்கறை.

“பூட்டறதாவது, நாங்க எதுக்கு இருக்கோம்?” என்றார் தலைவர் எப்பெ. ஓய்வுபெற்ற ஆசிரியர். காலடியில் அவருடைய நாய் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. “ஊருக்குள்ள கார் எதுக்குங்கறேன். அகலமா ஒரு நடைபாதை, ரெண்டு பெஞ்சு, நாலு மரம். சனங்க காலாற நடந்து வரட்டுமே.”

“பண்ணையில இருக்கறவங்க எப்படி நடந்து வருவாங்க? அவங்கதான் என் வாடிக்கை. கார்ல வந்து சதுக்கத்தை ரெண்டு சுத்து சுத்திப் பாக்கறாங்க. நிறுத்த இடமில்லன்னதும் ஊருக்கு வெளிய இருக்கற பெரிய கடைக்குப் போயிடறாங்க.”

“ரெண்டு மணி நேரத்துக்கு மேல நிறுத்தக் கூடாதுன்னு சட்டம் இருக்கே” என்றாள் லிஸ்பெட், பின்னல் ஊசியை நிறுத்தாமல்.

“நல்ல சட்டம். வந்த நேரத்தைக் காட்டத்தானே கார் கண்ணாடியில அட்டைக் கடிகாரம் வைக்கறோம்? யாரோ வந்து வந்து முள்ளைத் திருப்பி வச்சுட்டு, நாள் பூரா வண்டியை அங்கயே போட்டு வைக்கறாங்க” என்றாள் டோர்தெ.

“நாணயமில்லாத ஜென்மங்க” என்று பெருமூச்சு விட்டார் ப்ரேபென். புகைக்குழாயை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, “நல்ல காத்து” என்று உட்கார்ந்தார்.

“இவனுக்கு அவசரம் போல” என்று எப்பெ தூங்கிய நாயை எழுப்பி இழுத்துக்கொண்டு போய் வந்தார். மழை வருகிறதா பார்க்கிறேன் என்று லிஸ்பெட்டும் ஒரு நடை போனாள். இத்தனைக்கும் அவள் உட்கார்ந்திருந்ததே ஜன்னலோரம்.

மூவரும் இருக்கையில் அமர்ந்ததும் டோர்தெ தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“கோவிச்சுக்காதீங்க. சங்கத்தைக் கேக்காம ஒரு காரியம் செஞ்சுட்டேன். நகராட்சியில புகார் சொன்னேன். அபராதம் போடற அம்மா காலையிலயே வந்து எல்லாச் சக்கரத்துலயும் சாக்பீஸ்ல கோடு போட்டுட்டுப் போயிருக்காங்க. கடிகாரம் என்ன சொன்னாலும் சரி, கோடு அசையலன்னா அபராதம்தான்.”

பின்னல் ஊசி நின்றது.

“எப்ப வராங்க?” என்றார் ப்ரேபென்.

“வந்துட்டாங்க. தபால் ஆபீஸ் பக்கம் நிக்கறாங்க.”

“ஐயோ, அடுப்புல சூப்பு வச்சுட்டு வந்துட்டேன்” என்று லிஸ்பெட் எழுந்தாள். ப்ரேபெனுக்குத் திடீரென்று பல் வலித்தது. “கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது” என்று வாசற்படியில் நின்று அறிவித்துவிட்டுத் தலைவரும் ஓடினார். அந்த அவசரத்தில் நாயை மறந்துவிட்டார்.

வாசல் மணி ஒலித்தது. பல மாதங்களாகக் கண்ணில் படாத பண்ணைக்காரி இங்கெர் உள்ளே வந்தாள்.

“உலக அதிசயமா இருக்கே, டோர்தெ. உன் கடை வாசல்லயே இடம் கிடைச்சுது. ஒண்ணில்ல, மூணு இடம்.”

டோர்தெ ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். லிஸ்பெட்டின் சிவப்புக் கார், ப்ரேபெனின் வேன், எப்பெயின் நீலக் கார், மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் தேவாலய மூலையில் திரும்பி மறைந்தன.

“எல்லாம் எங்க நடப்போம் சங்கத்தோட உழைப்பு” என்றாள்.

“அது சரி, இது யாரு நாய்?”

“தலைவரோடது. கொஞ்ச நேரத்துல வந்து கூட்டிட்டுப் போவார். நடந்து.”