மூன்றாவது ஈடு

தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. தண்ணீர் இல்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தது.

"மிஷினுக்குக் கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு. உனக்குத்தான் தெரியல," என்றார் மெக்கானிக் உஸ்தா பஸ்யூனி.

மன்ஸூரா கடைத்தெருவில் ஐஸ் மிஷின் பழுது பார்க்க அவரை விட்டால் ஆளில்லை. அந்தத் திமிர்தான்.

நவால் பல்லைக் கடித்துக்கொண்டாள். நோன்பு திறக்கும் மக்ரிப் பாங்குக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. தெருக்கோடி நோன்புப் பந்தலில் நாற்பது பேர் உட்காருவார்கள். பேரீச்சம்பழம் ஊறிய பாலும் அதற்கு ஐஸும் அவள் கடைப் பொறுப்பு. ஐஸ் ஃபேக்டரிக்காரன் மதியமே கைவிரித்துவிட்டான்.

உஸ்தா வடிகட்டியைக் கழற்றி அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். தண்ணீர் உள்ளே போக வழியில்லாமல் சுண்ணாம்பு அடைத்திருந்தது.

"இத வச்சு வீட்டுக்கே வெள்ளையடிக்கலாம் போல!"

வினிகரும் தண்ணீரும் ஊற்றி ஓடவிட்டார். கடை முழுக்க நெடி ஏறியது.

அப்போது கடையின் உள்ளறைத் திரைக்குப் பின்னால் தம்ளர் சத்தம் கேட்டது.

நவாலின் அண்ணன் ஷவ்கி. சர்க்கரை நோயாளி. நோன்பு வைத்தால் ஆள் தேறமாட்டார் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாத்திரைக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்தார், அவ்வளவுதான்.

உஸ்தா தெருவுக்கே கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினார்.

"எங்க வீட்டுக் கழுதகூட நோன்பு புடிக்குது. இங்க ஒரு மனுஷன் திரையப் போட்டுக்கிட்டு முழுங்குறான்!"

எதிர்க்கடைக் காய்கறிக்காரன் சிரித்தான்.

நவாலுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நாலு வார்த்தை கேட்டுவிட நாக்கு துடித்தது. ஆனால் மிஷின் அவர் கையில் திறந்து கிடந்தது. பெரிய மனுஷனாம், தூ! மனசுக்குள் துப்பிவிட்டுப் பாலைக் கலக்கப் போனாள்.

உஸ்தா வினிகரை வடித்தார். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசினார். விளக்கு பச்சையானது. முதல் ஈடு ஐஸ் விழுந்தது, வாளியில் கொட்டினார். இரண்டாவது ஈட்டையும் கொட்டினார்.

மூன்றாவது விழுந்த சத்தம் கேட்டு நவால் ஓடிவந்தாள்.

ஒரு கட்டியை எடுத்து முகர்ந்தாள். கடையே நாறும்போது எதை முகர்ந்து எதைக் கண்டுபிடிப்பது? துளி வினிகர் மிச்சமிருந்தாலும் பால் திரிந்துவிடும். பகலெல்லாம் பட்டினி கிடந்தவர்கள் வாயில் திரிந்த பாலையா ஊற்றுவது? நாக்கில் வைத்துப் பார்க்கவும் பயம். ஒரு சொட்டு தொண்டையில் இறங்கினால் நோன்பு போயிற்று.

"இதையும் கொட்டிடலாமா உஸ்தா?"

"யாருகிட்ட கேக்குற?" அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "முதல் ஈடு தொண்டையப் புடிச்சுது. ரெண்டாவது பரவால்ல. இது சுத்தத் தண்ணி, ஜில்லுனு இறங்குது. இருபது வருஷ நாக்கும்மா இது!"

காய்கறிக்காரன் தராசைக் கீழே வைத்தான்.

உஸ்தா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். தெருவைப் பார்த்தார். மிஷினைப் பார்த்தார்.

திரை விலகியது. கையில் தம்ளரோடு ஷவ்கி நின்றார்.

"உள்ள இன்னொரு ஸ்டூல் கெடக்கு உஸ்தா. ஏன் நின்னுக்கிட்டே முழுங்குறீங்க?"