தொப்பி இல்லாத படம்

“தொப்பியைக் கழட்டுப்பா” என்று ஆங்கிலத்தில் சொன்னார் கிட்டுசாமி.

காளை மீது ஏறப்போகிற பையன் முறைத்தான். பெயர் டைலர். இருபது வயசுகூட இருக்காது.

“ஏறுறதுக்கு முன்னாடி படம் வேண்டாம். ராசியில்லை.”

“ஒண்ணே ஒண்ணு. இங்கே பாரு.”

வேண்டாவெறுப்பாகக் கழற்றினான். க்ளிக். ஒரு கெட்ட வார்த்தையை உதிர்த்துவிட்டு நகர்ந்தான்.

பக்கத்தில் நின்ற கதிருக்கு மானம் போனது. அக்கா வீட்டுக்காரர் கிட்டுசாமி டெக்ஸாஸில் ரோடியோ என்கிற காளைச் சவாரிப் போட்டிகளுக்குப் போட்டோகிராபர் என்று நியூஜெர்சி ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டு, ஒய்-டூ-கே கம்ப்யூட்டர் வேலைக்கு நடுவில் லீவு போட்டு வந்திருந்தான். வந்து பார்த்தால், மனுஷர் ஒவ்வொரு பையனிடமும் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

“ஏனுங்க மாமா, காளை துள்றதை எடுக்கத்தானே வந்தீங்க? இவங்க மூஞ்சி எதுக்கு?”

“எடுக்கணும் மாப்ள.”

“சரி, எடுத்த மூஞ்சியைக் காட்டவாவது செய்யலாமில்ல? இதுவரைக்கும் ஒருத்தனுக்கும் காட்டினதே இல்லையாம். ‘உங்க மாமா ஒரு மாதிரி ஆளா?’ன்னு என்கிட்டயே கேக்கறான் ஒருத்தன். அசிங்கமா இருக்கு.”

கிட்டுசாமி லென்ஸை மாற்றினார்.

கேட் திறந்தது. டைலரைச் சுமந்துகொண்டு காளை வெளியே பாய்ந்தது. கிட்டுசாமி க்ளிக் செய்துகொண்டே இருந்தார். நாலு துள்ளல்கூட ஆகவில்லை, பையன் கீழே கிடந்தான். காளை திரும்பி வந்து அவன் நெஞ்சை மிதித்தது.

ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

“ராசியில்லைன்னு அவன் சொன்னான்ல?” கேட்டான் கதிர். “இப்பத் திருப்திங்களா மாமா?”

கிட்டுசாமி கேமராவிலிருந்து ஃபிலிம் சுருளை எடுத்து டப்பாவில் போட்டு மூடினார்.

மறுநாள் காலை, மைதான வாசலில் கிட்டுசாமி படம் விற்கும் மேசைக்கு டைலரின் அம்மா வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“சர்ச்சுல சவப்பெட்டி பக்கத்துல வைக்க ஒரு படம் வேணும். வீட்டுல சின்ன வயசுப் படம்தான் இருக்கு. பெரியவனானதுக்கு அப்புறம் எல்லாத்துலயும் தொப்பிதான் தெரியுது. நீங்க எடுத்ததும் அப்படித்தானே இருக்கும்?”

கிட்டுசாமி ஒரு கவரை நீட்டினார்.

கலைந்த முடி. நெற்றியில் தொப்பி அழுத்திய கோடு. யாரையோ முறைக்கிற கண்கள். முழு முகம்.

அவள் அந்தக் கோட்டை விரலால் தடவினாள். “என்னையும் இப்படித்தான் முறைப்பான்” என்றாள். படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

கதிரால் மாமாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“இதுக்குத்தான்னு அந்தப் பசங்ககிட்ட சொல்லிடலாமே மாமா. திட்டவாவது மாட்டாங்க.”

“சொல்லிட்டு, ‘சரி, போய் ஏறு’ங்கறதா?”

கிட்டுசாமி நேற்று எடுத்த மற்றப் பையன்களின் முகங்களை, நெகட்டிவோடு துண்டு துண்டாகக் கத்தரித்துக் குப்பைக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“அதை ஏன் மாமா வெட்டறீங்க? காசு குடுத்து வாங்கிக்குவாங்களே.”

“இவங்கல்லாம் உயிரோட இறங்கி வந்துட்டாங்க மாப்ள. இது எந்த அம்மா கைக்கும் போகக்கூடாத படம்.”