நாலடி உயரம்

"ஏதாச்சும் கீழ விழுந்துச்சாண்ணா?"

லாரியிலிருந்து இறங்கிய மாடசாமி தலையை நிமிர்த்தவில்லை. பதினாறு நாளாக இதே கேள்வி. கிருஷ்ணகிரி குடோனில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போதெல்லாம், ஓசூர் லைட்டுக் கம்பெனி வாசலில் இந்தக் கல்லூரிப் பெண் வினிதா நோட்டும் கையுமாக நிற்கிறாள்.

"இல்லம்மா. பச்சப்புள்ளயத் தூக்கற மாதிரி தூக்கறோம்."

"ஒண்ணுகூடவா விழல?"

"சத்தியமா இல்ல."

வினிதாவின் முகம் சுண்டிப்போனது. நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு உள்ளே போனாள்.

"பாத்தியா அந்தப் பொண்ணு மூஞ்சிய? நீ சொன்னத நம்பல மாடசாமி" என்றான் கூட மூட்டை தூக்கும் திம்மராயன்.

"வாய மூடுடா. யார் காதுலயாச்சும் விழப்போவுது."

எல்லாம் சூப்பர்வைசர் ஹரீஷ்குமார் பற்றவைத்த நெருப்பு. மூன்று வாரத்துக்கு முன் லோடுமேன்கள் அத்தனை பேரையும் வரிசையாக நிற்க வைத்து, "காலேஜ் பொண்ணு ஒண்ணு ஆராய்ச்சி பண்ணுது. நம்ம கம்பெனிதான் பணம் குடுக்குது. குடோனுக்குப் போய்த் திரும்பி வர்ற நாப்பது மரப்பெட்டியில ஒண்ணுக்கு அடியில மிஷின் வச்சிருக்கு. எதுலன்னு கேக்காதீங்க. பெட்டி விழுந்தா தேதி, மணி, எத்தன அடி எல்லாம் பதிவாயிடும். மூணு வாரம் கழிச்சுத் தொறப்போம். அப்புறம் இருக்கு உங்களுக்கு!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

படிக்கிற பிள்ளைக்குக் கம்பெனி எதற்குப் பணம் கொடுக்கிறது? ஆள் குறைக்கத்தான். பதினோரு வருஷம் கான்ட்ராக்டில் கிடந்த மாடசாமிக்கு அதில் சந்தேகமே இல்லை. ஒரு பெட்டியைப் போட்டான் என்பதற்காகத்தானே போன வருஷம் நாராயணப்பனைக் கேட்டுக்கு வெளியே தள்ளினார்கள்? ஒரு மிஷினும் இல்லாமலே அந்தக் கதி.

அன்று முதல் தூக்கிப் போட்டுப் பிடிக்கிற வேலையே நின்றுபோனது. நாற்பது பெட்டியும் நெஞ்சோடு அணைத்தே இறங்கின. எல்லோருக்கும் இடுப்பு விட்டுப்போயிற்று.

அப்படியும் விதி விடவில்லை. போன வியாழக்கிழமை குடோனில் மழை. மாடசாமியின் ஈரக் கையில் வழுக்கி, லாரி விளிம்பிலிருந்து ஒரு பெட்டி தடாலென்று விழுந்தது. உள்ளே இருந்த லைட்டுக் கண்ணாடி உடையவில்லை. திம்மராயனைத் தவிர யாரும் பார்க்கவும் இல்லை. ஆனால் அது மிஷின் வைத்த பெட்டியாக இருந்தால்?

"நாப்பதுல ஒண்ணு. நம்ம கெட்ட நேரம் அதேவா இருக்கும்?" என்றான் திம்மராயன்.

"என் நேரம் அதுவாத்தான் இருக்கும்."

மூக்கண்டப்பள்ளி வாடகை வீட்டில் மாடசாமிக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி காளியம்மாள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். வேலை போனால் மறுபடி ஊருக்கா, அங்கே போய் என்ன செய்வது என்று விட்டத்தைப் பார்த்தே படுத்துக் கிடந்தான்.

சனிக்கிழமை மதியம் ஆள் வந்தது.

"மாடசாமி, திம்மராயா! ரெண்டு பேரையும் ஆபீசுக்குக் கூப்பிடறாங்க."

அறையில் ஹரீஷ்குமார் உர்ரென்று நின்றிருந்தார். மேஜைமேல் மிஷின் வைத்த அந்த மரப்பெட்டி. பக்கத்தில் லேப்டாப். அதன்முன் வினிதா. அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இந்தச் சின்னப் பெண்ணுக்கு இத்தனை கோபமா என்று மாடசாமி வாசற்படியிலேயே நின்றான்.

"போன வியாழக்கிழமை, காலையில பதினொண்ணு இருவது" என்று ஹரீஷ்குமார் படித்தார். "நாலடி உயரத்துலருந்து விழுந்திருக்கு. மூணு வாரத்துல இது ஒண்ணுதான். லோடு எறக்குனது நீங்க ரெண்டு பேரு. யாரு போட்டது? இந்தப் பொண்ணு கேக்குது."

திம்மராயன் தரையைப் பார்த்தான். அவனுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். தான் செய்ததற்கு அவன் வேலை போகக்கூடாது. மாடசாமி கும்பிட்ட கையோடு முன்னால் வந்தான்.

"நான்தான் சார். மழையில வழுக்கிடுச்சு. உங்ககிட்டயும் பொய் சொல்லிட்டேம்மா. மன்னிச்சுடுங்க. பதினோரு வருஷத்துல இப்படி ஆனதில்ல. வேலைய மட்டும்..."

வினிதா எழுந்து வந்தாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது.

"ரொம்ப தேங்க்ஸ்ண்ணா! நீங்க தெனமும் போடறப்போ பெட்டி எவ்வளவு உயரத்துலருந்து விழுதுன்னு கண்டுபிடிச்சு, மரப்பெட்டிக்குப் பதிலா அத தாங்கற மாதிரி அட்டப்பெட்டி செய்யத்தான் எனக்குப் பணமே குடுத்தாங்க. ஒண்ணுகூட விழலன்னா புராஜெக்ட்ட மூடிடுவோம்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. சாரு உங்கள மெரட்டி வச்சிருந்தது இப்பத்தான் எனக்குத் தெரியும். பதினாறு நாளா, இன்னிக்காவது ஒண்ணு விழுந்திருக்காதான்னு வேண்டிக்கிட்டுதாண்ணா வாசல்ல நின்னேன்!"

மேஜைமேல் இருந்த பெட்டியைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள்.

"கணக்குக்குப் பத்துத் தடவ வேணும். அதே மாதிரி இன்னும் ஒம்போது தடவ போடுங்கண்ணா."

சூப்பர்வைசரே "போடுய்யா" என்று கத்தியும், மாடசாமியின் கை பெட்டியை விடவே இல்லை.