உறக்கத்துக்கு எத்தனை மார்க்?

“கச்சேரிக்கு வர்றவங்க ஒருத்தர் விடாம தூங்குறாங்களாம், ஊர்மாஸ்! தூங்குறதுக்கா நகராட்சி பணம் குடுக்குது?”

கலாச்சாரக் குழுவின் தலைவி மாரெத், பேர் போடாத ஒரு புகார்க் கடிதத்தை மேசைமேல் போட்டார்.

எஸ்தோனியக் கடற்கரையில், சேற்றுக் குளியலுக்குப் பேர்போன அந்தச் சின்ன ஊருக்குக் கோடை மூன்றே மாதம்தான். அதற்குள் நடக்கும் நாடகம், பாட்டு, ஆட்டம் எல்லாவற்றுக்கும் நகராட்சிதான் படியளந்தது. அடுத்த வருடமும் உதவி யாருக்கு, யாருக்கு இல்லை என்பது ஊர்மாஸ் போடும் மார்க்கில் இருந்தது. பத்தொன்பது கோடையாகப் பார்த்து வருகிறார். பத்துக்கு ஏழைத் தாண்டி யாருக்கும் போட்டதில்லை.

“யாரு வாசிக்கிறது?”

“லீலோன்னு ஒரு பொண்ணு. இந்த வருஷம்தான் புதுசு. கடைசிக் கச்சேரி ஞாயித்துக்கிழமை. அஞ்சுக்குக் கீழே போட்டீங்கன்னா அவ கதை முடிஞ்சுது. ஆமா, உங்க கண்ணு ஏன் இப்படிச் செவந்து கெடக்கு?”

“கடல் காத்து” என்று எழுந்துகொண்டார்.

காரணம் கடல் காற்று இல்லை. போன வருடம் ஆர்னோவின் பொம்மலாட்டத்துக்கு அவர் நாலு மார்க் போட்டார். உதவி நின்றது, ஆட்டமும் நின்றது. நாற்பது வருட நண்பன் ஆர்னோ, சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போனான். அன்று முதல் ஊர்மாஸ் படுக்கையில் கிடந்து அந்த ஆட்டத்தை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார். எப்படிப் பார்த்தாலும் நாலுதான் வந்தது. தூக்கம்தான் வரவில்லை. “டாக்டரைப் பாரு” என்று மனைவி மில்வி கெஞ்சினால், “எனக்கென்ன கேடு?” என்று எரிந்து விழுவார்.

ஞாயிறு மதியம் மூன்று மணி. பைன் மரங்களுக்குக் கீழே, தண்ணீரைப் பார்த்து முப்பது சாய்வு நாற்காலிகள். குளியல் நிலையத்தில் முழங்கால் வலிக்கு வந்தவர்கள், கைக்குழந்தையோடு ஒரு தாய், சீருடைகூட மாற்றாத ஒரு நர்ஸ் என்று ஒவ்வொருவராக வந்து சாய்ந்தார்கள்.

லீலோ மடியில் கன்னெல் என்ற அந்த ஊர்த் தந்தி வாத்தியத்தை வைத்துத் தந்திகளைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்க மேல புகார் வந்திருக்கு” என்றார் ஊர்மாஸ், சுற்றி வளைக்காமல். “எல்லாரும் தூங்கிடுறாங்களாமே?”

அவள் முகம் வெளுத்தது. “ஆமாங்க, நிஜம்தான். மொத வாரம் வீட்டுக்குப் போய் அழுதேன். அப்புறம் அந்த நர்ஸ் அக்கா வந்து, ‘வேகமா எதையும் வாசிச்சிடாதம்மா, நான் தூங்கி மூணு நாளாச்சு’ன்னாங்க. அதுலேருந்து வேகமான பாட்டையெல்லாம் எடுத்துட்டேன்.”

“கச்சேரின்னா ஆளை உக்கார வச்சுக் கேக்க வைக்கணும்.”

“தெரியும். நீங்க பாத்ததை எழுதுங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன்.”

ஆர்னோவும் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தான். ஊர்மாஸ் பின்வரிசையில் போய் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.

முதல் தந்தி அதிர்ந்தது. அது அடங்கும்வரை அவள் அடுத்ததைத் தொடவில்லை. குளத்தில் விழுந்த கல்லின் வளையம் கரைக்கு வந்து சேரக் காத்திருப்பதுபோல இருந்தது. விரிகுடாவில் அலையே இல்லை. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வெள்ளை வெளிச்சம். நர்ஸின் தலை சாய்ந்தது. தாயின் கை குழந்தையின் வயிற்றில் அசையாமல் கிடந்தது. குழந்தை மட்டும் விழித்து மரக்கிளைகளைப் பார்த்தது.

‘ரசிகர் கவனம்’ என்ற கட்டத்தில் ‘இரண்டு’ என்று எழுதப் போனார் ஊர்மாஸ். பேனா காகிதத்தைத் தொடவில்லை. ஒரு அன்னம் கடலில் மெதுவாக வந்தது. அதன் முதுகில் ஆர்னோவின் மரப் பொம்மைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவை அவரைப் பார்த்துக் கையசைத்தன. கோபமே இல்லாமல்...

கண் விழித்தபோது பைன் நிழல் நீண்டு தண்ணீரைத் தொட்டிருந்தது. நாற்காலிகளெல்லாம் அடுக்கியாகிவிட்டது, அவருடையதைத் தவிர. மேலே ஒரு கம்பளி. பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, புகையில் வாட்டிய மீனைக் கறுப்பு ரொட்டியில் வைத்துத் தின்றுகொண்டிருந்தாள் லீலோ.

“மணி என்ன?”

“ஏழரை. எழுப்ப மனசு வரல. மீன் சாப்பிடுறீங்களா?”

வாங்கிக்கொண்டார். பசித்தது. பசித்து எத்தனை நாளாயிற்று!

வீடு வந்ததும் மில்வியின் முன்னால் மதிப்பீட்டுத் தாளை நீட்டினார். ‘ரசிகர் கவனம்: இடையில் எழுந்து போனவர் யாருமில்லை. மொத்த மார்க்: பத்து.’

“பத்தா! நீயா போட்ட?”

“நானேதான். நாளைக்குக் காலையில முதல் வேலையா ஆர்னோவுக்கு போன் பண்ணப் போறேன், மில்வி. மார்க்கை மாத்த முடியாது. ஆனா பேசலாம்ல?”

மில்வி அவர் முகத்தையே பார்த்தாள். கண்ணில் சிவப்பு இல்லை. இடுப்பில் தொங்கிய சமையல் துணியால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஆனா அந்தப் புகார் எழுதின ஆள் மட்டும் என் கையில கெடைக்கட்டும்!” என்றார் ஊர்மாஸ். “பேர்கூடப் போடாம, ஒரு நல்ல பொண்ணோட பொழப்புல மண்ணள்ளிப் போடப் பாத்திருக்கு.”

“திட்டாத. ஜூலையில நானே அங்க போய் ரெண்டு மணி நேரம் தூங்கிட்டு வந்தேன். உன்னை வான்னு கூப்பிட்டா வருவியா? குழு சொன்னா புயல் மழையிலயும் போவ” என்றாள் மில்வி. “அதான் பேர் போடாம எழுதினேன்.”