பின்சீட்டில் இடப்பக்கம்

காருக்கு அடியில் மெக்கானிக் சௌக்கத் அலி மல்லாந்து கிடந்தான். வெளியே தெரிந்தது அவனுடைய பாதங்கள் மட்டும்தான்.

"எல்லாம் கெட்டியாத்தான் கீது நைனா," என்றன பாதங்கள்.

சத்தம் இருந்தது. அதில் ரகுபதிக்குச் சந்தேகமே இல்லை. சாயங்காலம் அவன் ஓட்டினால், பள்ளத்துக்குப் பள்ளம் பின்னால் இடப்பக்கம் 'டங்' என்று இடிக்கும். காலையில் பொன்னுரங்கம் ஓட்டினால் வாயே திறக்காது.

யார் பெரிய கூட்டாளி என்று வண்டிக்கே தெரிந்திருக்கிறது என்பார் பொன்னுரங்கம்.

இருவருக்கும் திருவொற்றியூர் ஹைரோட்டில் பழைய இரும்பு வியாபாரம். வெள்ளைக்காரன் ஒருவன் கப்பல் ஏறுமுன் விற்றுவிட்டுப் போன அந்தக் கார் கடைக்குப் பொது. காலையில் அவருக்கு, மாலையில் இவனுக்கு.

துறைமுகத்தில் கழித்துப்போடும் இரும்பு வேண்டுமென்றால் விலையை மூடிய உறையில் எழுதிக் கொடுக்க வேண்டும். போன இரண்டு தடவையும் தண்டபாணி என்கிற போட்டி வியாபாரியின் உறையில் இவர்களுடையதைவிட ஒரே ஒரு ரூபாய் அதிகம் இருந்தது; சரக்கு அவருக்கே போனது.

ஒரு தடவை என்றால் முருகன் அருள் என்று விட்டுவிடலாம். முருகன் இரண்டாம் தடவையும் அதே ஒரு ரூபாயோடு வந்து நிற்கமாட்டார்.

இப்படியே போனால் கடையைப் பூட்டிச் சாவியையும் தண்டபாணியிடமே கொடுத்துவிடலாம்.

விலை தெரிந்தவர்கள் மூன்றே பேர். பொன்னுரங்கம் தன்னைச் சந்தேகப்படவில்லை. ரகுபதியையும் சந்தேகப்படவில்லை, அவனுக்குப் பெண் பார்த்துக் கல்யாணம் பண்ணி வைத்ததே அவர்தான். மிச்சம் கணக்குப்பிள்ளை கிருஷ்ணப்பன். அவனைப் போன வாரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பாவி, பொடி டப்பாவைக்கூட எடுக்காமல் போனான்.

நாளைக் காலை அடுத்த உறை போட வேண்டும். இனி விலையை வாயால் பேசுவதே இல்லை, மாட்டுச் சந்தையில் செய்வதுபோலத் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் சொல்வது என்று முடிவாகியிருந்தது.

சௌக்கத் அலி தலையை வெளியே நீட்டினான்.

"புட்ச்சிட்டேன். அச்சு மேல போய் அடிக்கிற எடம் பளபளன்னு கீது. நடுவுல இருந்த ரப்பர் கட்டை தேஞ்சு பூட்ச்சு. ஆனா சும்மா அடிக்காது. பின்னாடி நல்ல வெயிட்டா யாராச்சும் குந்தினாத்தான் வில்பட்டை எறங்கி அடிக்கும். யாரு நைனா குந்தறது?"

"யாரும் இல்ல பாய். ஒண்டியாத்தான் போறேன்," என்றான் ரகுபதி.

தானே உட்கார்ந்து பார்க்கலாமென்று சௌக்கத் பின்கதவை இழுத்தான். வரவில்லை. காலை முட்டுக்கொடுத்து இழுத்தான். அப்போதும் வரவில்லை.

பக்கத்தில் நின்றிருந்த பொன்னுரங்கம் சிரித்தார். எப்போதோ மாட்டுவண்டி மோதிய கதவு அது. பிடியை மேலே தூக்கி, கீழே முழங்காலால் ஒரு இடி கொடுத்து, அப்புறம்தான் இழுக்க வேண்டும். செய்து காட்டினார்.

"பழகாதவன் தொட்டா தொறக்காது பாய். அதான் பூட்டே போடல."

சௌக்கத் ஏறிக் குதித்தான். சத்தமில்லை. ரகுபதியும் கூட ஏறிக் குதித்தான். அப்போதும் இல்லை. இரண்டு பேரையும் சேர்த்தால்தான் ஒரு ஆள் தேறும். இறங்கிக் கதவைச் சாத்தினார்கள்.

எதிர் டீக்கடை பெஞ்சில், மூன்று பேர் உட்காருகிற இடத்தில் தண்டபாணி ஒருவராக உட்கார்ந்திருந்தார். அவருடைய லாரியும் சௌக்கத்தின் கொட்டகையில்தான் அச்சு முறிந்து நின்றது. அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. இவர்களும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தொழிலில் அது ஒரு மரியாதை.

சௌக்கத்துக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது.

"தண்டபாணி அண்ணே! இப்டி வந்து இந்த வண்டில குந்துங்க! உங்க ஒடம்புக்கு ஒரு வேலை வந்துகீது!"

"அவரு எதுக்கு? மூட்டை எதுனா ஏத்திப் பாக்கலாமே," என்றான் ரகுபதி.

"மூட்டைன்னா நான் தூக்கணும். இவுரு தானா நடந்து வருவாரு."

டீக்கடையே சிரித்தது. வராமல் இருந்தால் இன்னும் சிரிக்கும். தண்டபாணி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

சௌக்கத் மறுபடி காருக்கு அடியில் புகுந்தான். போட்டிக்காரன் முகத்தைப் பார்ப்பானேன் என்பதுபோல ரகுபதியும் மறுபக்கம் போய்ச் சக்கரத்தின் அருகே குனிந்துகொண்டான்.

பொன்னுரங்கம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்.

தண்டபாணி வந்தார். பிடியை மேலே தூக்கினார். முழங்காலால் கீழே ஒரு இடி கொடுத்தார். இழுத்தார். கதவு வெண்ணெய்போலத் திறந்தது. ஏறி, இடப்பக்கமாக உட்கார்ந்தார்.

டங்.

"கேட்டுச்சா நைனா?" என்றன பாதங்கள்.

"நல்லாக் கேட்டுச்சு," என்றார் பொன்னுரங்கம்.

தண்டபாணி இறங்கி மிச்ச டீயைக் குடிக்கப் போனார். பொன்னுரங்கத்துக்கு ஏனோ அந்தப் பொடி டப்பா ஞாபகம் வந்தது. மேசை டிராயரில்தான் இருக்கிறது. கொடுத்தனுப்பக்கூடாது, நேரில் போய்த்தான் கொடுக்க வேண்டும்.

தோளிலிருந்த துண்டை எடுத்தார். ரகுபதியின் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு, உள்ளே விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

ரகுபதியின் புருவம் ஏறியது.

"அவ்ளோவாண்ணே?"

"சரக்கு அப்டி."

சரக்கு, பழைய நங்கூரச் சங்கிலிக் குவியல். அன்று காலையில் அவர் மட்டும் போய்ப் பார்த்திருந்தார். நகம் பட்டதும் பொரித்த அப்பளம்போல உதிர்ந்தது. இந்தத் தடவை உறையே போட வேண்டாம் என்று சொல்லத்தான் கொட்டகைக்கு வந்திருந்தார்.

"ரப்பர் கட்டை கைல கீது. இப்பவே மாத்திடட்டா நைனா?" என்று கேட்டன பாதங்கள்.

"நாளைக்கு மாத்து பாய். இன்னிக்குச் சாயங்காலம் ரகுபதிக்கு வண்டி வேணும்."