கணப்புப் பெட்டிக்குள் ஒரு நாற்றம்

டிரெய்லரின் கதவைத் திறந்ததும் உள்ளே இருந்த ஈக்கள் உயிர் பிழைத்தால் போதும் என்று வெளியே பறந்தன.

சத்தியமாகச் சொல்கிறேன், அவற்றில் ஒன்று இருமியது.

மூக்கில் துணி கிளிப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் வீடு அது. மினசோட்டாவில் பனி விழுவதற்கு முன், நானும் என் மனைவி மார்லிஸும் அதை இழுத்துக்கொண்டு அரிசோனா வெயிலுக்கு ஓடிவிடுவோம். பள்ளிப் பேருந்து ஓட்டி நான் ஓய்வு பெற்றதிலிருந்து ஒரு குளிர்காலம்கூடத் தவறியதில்லை.

நாளைக் காலை கிளம்ப வேண்டும். வானம் இப்போதே பழைய அலுமினியச் சட்டி மாதிரி இருந்தது.

ஆனால் சர்ச்சில் மீன் விருந்து முடிந்த மறுவாரத்திலிருந்து, கணப்பைப் போட்டால் போதும், சூடான காற்றோடு ஒரு நாற்றம் வந்தது. செத்த எலியும் அழுகிய முட்டையும் ஈரக் காலுறையும் ஒரே போர்வைக்குள் படுத்துக் குடும்பம் நடத்தும் நாற்றம். சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டி சுருண்டுகொண்டது.

"நாத்தம் போற வரைக்கும் நான் இதுல கால் வெக்க மாட்டேன்," என்று வெளியே நின்றபடி மெதுவாகச் சொன்னாள் மார்லிஸ். எங்கள் ஊரில் மனதில் இருப்பதை யாரும் வாயால் சொல்வதில்லை. காபி ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

பக்கத்து வீட்டு டெல்மர் வேலியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தான். "டேய் ஆர்வித், போன வருஷம் உன்னப் பாக்க வந்த இன்ஷூரன்ஸ்காரன் வீடு போய்ச் சேந்தானா இல்லையாடா?"

சிலிண்டரை மூடினேன். பேட்டரி வயரைக் கழற்றினேன். அலமாரிக்குக் கீழே இருந்த தகட்டை எடுத்ததும் நாற்றம் எழுந்து வந்து என்னோடு கை குலுக்கியது.

இந்தக் கணப்புப் பெட்டியைப் பொருத்தியவனுக்கு மனித குலத்தின் மேல் என்ன பகையோ. வெளிப்பக்கம் போய்ப் புகைக்குழாயைக் கழற்ற வேண்டும். பிறகு உள்ளே மண்டியிட்டு, தலையை ஃபிரிட்ஜுக்கும் கட்டிலுக்கும் நடுவே செருகி, கேஸ் குழாயின் நட்டைப் பார்க்காமலே திருக வேண்டும்.

பார்க்காமல் செய்வதில் நான் கெட்டிக்காரன். பனிப்புயலில் பேருந்தையே அப்படித்தான் ஓட்டினேன். இந்த வசந்தத்தில் ஊர் திரும்பும்போது, நெப்ராஸ்காவில் நடுச்சாலையில் நின்ற ஒரு பசுவுக்காக பிரேக்கை மிதித்து, ஹாரன் அடித்து, ஜன்னலை இறக்கித் திட்டினேன்.

அது சாலை போடுகிற ஆள். அவரும் நன்றாகத்தான் திட்டினார்.

கடைசி ஸ்க்ரூ விரலிலிருந்து நழுவி விழுந்தது. தரையெல்லாம் தடவினேன். கிடைக்கவில்லை. கிடக்கட்டும் என்று பெட்டியைப் பிடித்து இழுத்தேன்.

பெட்டியோடு எலிக்கூடும் சேர்ந்து வந்தது. மார்லிஸின் கம்பளி நூல், என் காலுறையின் குதிகால், நாய் பிஸ்கட், எல்லாவற்றுக்கும் மேலே அப்பளமாகக் காய்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்த ஒரு எலி.

ஆனால் கூடு பழையது. கிளிப்பைக் கழற்றிவிட்டு மோந்து பார்த்தேன். வெறும் தூசி.

பெட்டி இருந்த பொந்துக்குள் தோள்வரை கையை விட்டேன். மூலையில் ஜில்லென்று, கொழகொழவென்று ஏதோ ஒன்று விரல்களுக்கு நடுவே பிதுங்கியது.

நான் போட்ட கூச்சலில் கனடாவில் வாத்துகள் கிளம்பியிருக்கும்.

"என்னடா, கடிச்சிருச்சா?" என்றான் டெல்மர் ஆசையாக.

வெளியே எடுத்தேன். மெல்லிய வலைத்துணியில் கட்டிய மூட்டை. அதற்குள் லூட்டஃபிஸ்க். சோடாக் காரநீரில் ஊறவைத்து ஜவ்வாக்கிய மீன், எங்கள் சர்ச் விருந்தின் பெருமை. சுடச்சுடத் தட்டில் விழும்போதே பாதிப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் விழுங்குவார்கள். இதுவோ கணப்புச் சூட்டில் வெந்து, ஆறி, மறுபடி வெந்து, இன்னும் பெயர் வைக்கப்படாத ஒரு நிறத்துக்கு வந்திருந்தது. விரலிடுக்கில் வழிந்தது. எந்த எலியும் அதில் பல் பதித்திருக்கவில்லை. எலிக்கும் ஒரு மானம் இருக்கிறது.

மூட்டையின் வாயில் ஒரு முடிச்சு.

கண் பார்ப்பதற்கு முன்பே விரல் அதைக் கண்டுகொண்டது. இரண்டு சுற்று, ஒரு இழுப்பு, மிச்ச நூலை உள்ளே மடித்துச் செருகல். சர்ச் சமையலறையில் மீன் கட்டும் பெண்களில் ஒருத்திதான் அப்படி முடிச்சுப் போடுவாள்.

மண்டியிட்டபடியே இருந்தேன்.

நெப்ராஸ்காவிலிருந்து வந்ததும், கண் டாக்டரைப் பார்க்கலாமா என்று மார்லிஸ் ஒரு முறை கேட்டாள். நான் மழை வரும்போல இருக்கிறதே என்றேன். அதன்பிறகு அவள் கேட்கவே இல்லை.

மூட்டையை வாளியில் போட்டு, அதன்மேல் எலிக்கூட்டை வைத்து, செய்தித்தாளால் மூடினேன்.

"எலிதான் மார்லிஸ்," என்று குரல் கொடுத்தேன். "வயர் மொத்தத்தையும் கடிச்சு வெச்சிருக்கு. இந்தப் பெட்டி இனிமே ஆகாது. இந்த வருஷம் இங்கேயே இருந்துருவோம்."



"எலியா," என்றாள். "அடப்பாவமே. காபி ஊத்தட்டுமா?"

நாற்றம் இன்னும் கூரையை முட்டிக்கொண்டுதான் நின்றது. அவள் படியேறி உள்ளே வந்தாள். வாளியைப் பார்க்கவில்லை. குனிந்து, என் முழங்காலுக்குப் பக்கத்தில், பகல் வெளிச்சத்தில் பளபளத்துக்கொண்டு கிடந்த ஸ்க்ரூவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். மீன் நாறும் என் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடித்து மூடினாள்.