சுவரோரம் எட்டுப் பேர்

முதல் மணி அடித்துவிட்டது. பக்ருன்னிசா தலைமையாசிரியை அறையில் கால் நகராமல் நின்றாள்.

வெளியே வராந்தாவில் சரஸ்வதி படத்துக்கு மாலை போட்டாகிவிட்டது. குத்துவிளக்குக்குப் பக்கத்தில் பள்ளி இன்ஸ்பெக்டருக்கு நாற்காலி. பெண்கள் பள்ளிக்கு எப்போதும் ஒரு இன்ஸ்பெக்டர் அம்மாதான் பார்வைக்கு வருவார். மனு போனதால் இந்த முறை மதுரையிலிருந்து ஆணே வந்து உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு.

மனுவில் எழுதியவர் பெயர் இல்லை. முனிசிபாலிட்டி பணத்தில் நடக்கிற பள்ளியில் விளக்கேற்றிச் சாமி பாட்டுப் பாடுகிறார்கள், பாடாத பிள்ளையை ஒதுக்கி நிறுத்துகிறார்கள் என்று எழுதியிருந்ததாம்.

பாடாத பிள்ளை அங்கே பக்ருன்னிசா ஒருத்திதான். பேகம்பூரிலிருந்து அவளோடு சேர்ந்தவர்கள் எல்லாம் எட்டாவதோடு நின்றுவிட்டார்கள்.

"உங்க அப்பா எழுதுனதுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க" என்றார் பெரிய டீச்சர் ஆரோக்கியம்மாள்.

"இல்ல டீச்சர். அத்தா எழுதுனா பேரு போட்டுத்தான் எழுதுவாங்க."

"யாரோ எழுதுனாங்க. இன்னைக்கு ஒரு நாள் வரிசையில நில்லு. வாயை மட்டும் அசை, போதும். நான் நிக்கலையா? எம்புட்டு வருசமா நிக்கிறேன்?"

கழுத்துச் சிலுவையைச் சேலைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னார்.

மேஜைமேல் அவளுடைய எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை ஃபாரம் இருந்தது. டீச்சரின் கையெழுத்து விழவேண்டிய இடம் காலியாக இருந்தது.

"அவரு ஏதாச்சும் ஏறுமாறா எழுதிட்டுப் போனாருன்னா இந்த ஃபாரம் இங்கேயேதான் கெடக்கும். யோசிச்சுக்க."

காலையில் தோல் மண்டிக்குப் புறப்படும்போது அத்தாவும் சொல்லிவிட்டுத்தான் போனார். அந்தப் பாட்டுக்கு உன் வாய் அசைந்தது என்று என் காதில் விழுந்தால் அன்றோடு படிப்பு போதும்.

அசைத்தாலும் போச்சு. அசைக்காவிட்டாலும் போச்சு.

வெளியே வந்தாள். கதவோரம் எண்ணெய்ச் செம்போடு நின்றிருந்தாள் வீரலட்சுமி. பக்ருன்னிசாவின் வகுப்புக்காரி. விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது அவள் வேலை. உள்ளே பேசியது அத்தனையும் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். செம்பைப் பக்கத்தில் போன ஒருத்தியின் கையில் திணித்துவிட்டு மைதானத்துக்கு ஓடினாள்.

இரண்டாம் மணி.

வரிசைக்குத்தான் போகிறோம் என்று பக்ருன்னிசா நினைத்தாள். கால்கள் சுவரோரம் கொண்டுபோய் விட்டன.

முந்நூறு பிள்ளைகள் ஒரு பக்கம். அவள் ஒரு பக்கம். இன்ஸ்பெக்டரின் தலை நிமிர்ந்தது. பெரிய டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது வரிசையை விட்டு வீரலட்சுமி வந்தாள். தலையைக் குனிந்தபடி பக்ருன்னிசாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அதில் அதிசயம் இல்லை. மாதத்தில் தூரமான நாளில் விளக்குப் பக்கம் நிற்கக் கூடாது. வீடுகளில் இருந்த வழக்கம் பள்ளிக்கும் வந்திருந்தது. அந்த நாட்களில் பிள்ளைகள் தாமாகவே சுவரோரம் வந்து நிற்பார்கள், எந்த டீச்சரும் ஏன் என்று கேட்பதில்லை. தினம் ஒருத்தி, மிஞ்சினால் இரண்டு பேர்.

அடுத்து செபாஸ்தியம்மாள் வந்தாள். பின்னாலேயே இரண்டு பேர். இன்னும் இரண்டு. கடைசியில் எட்டாம் வகுப்புக் காளியம்மாள்.

"இன்னைக்கென்னடி இம்புட்டுப் பேரு?" என்று தையல் டீச்சர் பல்லைக் கடித்தார்.

அல்லாவே, நல்ல நாள் பார்த்தாய் என்று பக்ருன்னிசா நினைத்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்து நேரே வந்தார். பேனா மூடி திறந்திருந்தது.

"ஏன் இங்க நிக்கிறீங்க?"

"விளக்குப் பக்கம் வரக் கூடாது சார்" என்றாள் வீரலட்சுமி.

"யார் சொன்னது வரக் கூடாதுன்னு?" தேடி வந்தது கிடைத்துவிட்ட குரல். "நீங்கள்லாம் என்ன ஜாதி? என்ன மதம்?"

"எல்லாச் சாதியும்தான் சார்."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் முகம் கறுத்தது. பேனா பக்ருன்னிசாவின் பக்கம் திரும்பியது.

"நீ சொல்லு. உன்னை யாரு இங்க நிறுத்துனது?"

அவள் வாய் திறந்தது. அதற்குள் பதில் பக்கத்திலிருந்து வந்தது.

"எட்டுப் பேருக்கும் ஒரே காரணந்தான் சார்" என்றாள் வீரலட்சுமி, தரையைப் பார்த்துக்கொண்டு.

பெரிய டீச்சர் ஓடி வந்தார். "சார், செத்த இப்படி வாங்க. இது பொம்பளைப் பிள்ளைக சமாச்சாரம்."

இரண்டு எட்டு தள்ளிப் போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். இன்ஸ்பெக்டரின் காது மடல் சிவந்தது. பேனாவை மூடினார். எட்டுப் பேரில் ஒருத்தியின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. பாட்டு முடியும்வரை தன் செருப்பையே பார்த்தபடி நின்றார். யாரையும் கட்டாயப்படுத்தவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாங்கி வைத்திருந்த காப்பியைக்கூடக் குடிக்காமல் ஜீப்பில் ஏறினார்.

ஜீப் மறைந்ததும் பெரிய டீச்சர் சுவரோரம் வந்தார்.

"பக்ரு, மத்தியானம் வா. ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்து, கடைசியில் நின்ற காளியம்மாளிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

"உனக்குமாடி?"

"ஆமா டீச்சர்."

காளியம்மாள் இன்னும் பெரிய மனுஷி ஆகவில்லை. ஆகியிருந்தால் தெருவெல்லாம் ரேடியோ அலறியிருக்கும், பள்ளி முழுக்கப் புட்டு வந்திருக்கும். அது தெரியாதவர்கள் அந்த மைதானத்தில் யாரும் இல்லை.

பெரிய டீச்சர் மேற்கொண்டு கேட்காமல் அறையைப் பார்த்து நடந்தார்.

பக்ருன்னிசா அப்போதுதான் திரும்பி, மற்ற ஏழு முகங்களையும் பார்த்தாள்.